இல்லாத இரண்டு பல்

வேனுக்குள் பத்துப் பேர், ஒரு முழுப் பன்றி வறுவல். வண்டிதான் கிளம்பவில்லை.

எல்மெர் போன் செய்ததும் இருந்த கோலத்திலேயே, பழைய டீ-சர்ட்டும் தொப்பியுமாக, மோட்டார் சைக்கிளில் போய் நின்றேன். ஒரே பட்டறையில்தான் இருக்கிறோம். அவன் வெல்டிங், நான் எலெக்ட்ரிக் வேலை.

மாப்பிள்ளைக் கோலத்தைப் பார்க்க வேண்டுமே! வெள்ளை பரோங் சட்டை, படிய வாரிய தலை, முழங்கைவரை கிரீஸ்.

"என்னத்தை நோண்டினே? உண்மையைச் சொல்லு."

"நேத்து பெல்ட் மாத்தினேன், அவ்வளவுதான்." பிறகு பெருமையாக, "உள்ள ஒரு சக்கரத்துல ரெண்டு பல்லு உடைஞ்சிருந்துச்சு. வெல்டு வச்சு அரம் போட்டுட்டேன். தடவிப் பாத்தாக்கூடத் தெரியாது."

அடக் கடவுளே. பத்தங்காஸ் மாகாணத்திலேயே இவனைப்போல வெல்டு வைக்க ஆள் கிடையாது. கையைச் சும்மா வைத்திருக்கத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அது உடைஞ்ச பல்லு இல்ல, ராசா. செஞ்சவனே வேணும்னு விட்ட இடம்."

அந்தச் சக்கரத்தைத் தொடாமல், பக்கத்திலேயே விரல் அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. உள்ளே காந்தம். பல் எதிரே வந்தால் இழுப்பு கூடும், பள்ளம் வந்தால் குறையும். டக் டக்கென்று போகிற அந்தத் துடிப்பு அந்த இரண்டு பல் இல்லாத இடத்தில் மட்டும் விட்டுப்போகும். அதை வைத்துத்தான் எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று வண்டிக்குத் தெரியும். அதன் பிறகே தீப்பொறி.

இவன் புண்ணியத்தில் இப்போது சுற்றிலும் ஒரே மாதிரிப் பல். வண்டி பாவம், எங்கே தொடங்குவதென்று தெரியாமல் முழித்தது.

வேன் ஜன்னலில் எல்மெரின் அம்மா அலிங் கோரிங்கின் தலை எட்டிப் பார்த்தது. பெண் கேட்பதற்காகக் குடும்பமே முந்தின நாள் மிந்தோரோ தீவிலிருந்து கப்பலில் வந்திருந்தது.

"சர்ச்சுல மதிய மணி அடிக்கறதுக்குள்ள போகலேன்னா பொண்ணோட அப்பா கேட்டைப் பூட்டிடுவாராமே?"

பூட்டுவார். மூத்த பெண்ணைக் கேட்டு வந்தவர்களைக் கால் மணி நேரத் தாமதத்துக்காகப் படியேற விடாமல் அனுப்பிய மனிதர். ஊருக்கே தெரியும்.

"பொண்ணு எப்படிம்மா?" என்று வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே கேட்டேன்.

"எங்க பாத்தோம்? எல்லாம் இவன் சொல்றதுதான். வாயே திறக்காதாம். கை பூ மாதிரியாம்."

எல்மெர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"அடேயப்பா! அப்படியொரு பொண்ணை எங்க பிடிச்சே?" என்றேன்.

அவன் காது சிவந்துவிட்டது.

சென்சாரை முதலில் கழற்றித் துணியில் சுற்றிவைத்தேன். காந்தமாயிற்றே, இரும்புத்தூள் பறந்தால் அதற்குத் தாடி முளைத்துவிடும். அப்புறம் கிரைண்டரைப் பிடித்தேன். அவ்வளவு அழகான வெல்டை அரைக்க எனக்கே மனசு வரவில்லை. அவனோ இழவு வீட்டில் நிற்பவனைப்போல நின்றான்.

துடைத்து, சென்சாரை மாட்டி, "சாவியைப் போடு" என்றேன்.

உடனே பிடித்துக்கொண்டது. வேனுக்குள் ஒரே கூச்சல்.

அலிங் கோரிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. வாழையிலையை விலக்கி, பன்றியின் ஒரு காதை மொறுக்கென்று ஒடித்து என் வாயில் திணித்தார்.

"தின்னு, இனெங், என் பொண்ணே. உன்னைக் கட்டிக்கப்போறவன் குடுத்துவச்சவன். வாயை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ."

வாய் நிறைய மொறுமொறுப்போடு தலையாட்டினேன். எல்மெர் வானத்தைப் பார்த்தான். நான் தென்னந்தோப்புக் குறுக்குவழியில் என் மோட்டார் சைக்கிளை விரட்டினேன்.

மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே வேன் போய்ச் சேர்ந்துவிட்டது. வந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களின் கையை மரியாதையாக வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். பன்றி மேசை நடுவில் ஏறியது. இலையை விலக்கிப் பார்த்த பெண்ணின் அப்பாவுக்குப் புருவம் நெரிந்தது.

"இதுக்கு ஒரு காது எங்க?"

பதில் தேடி நிமிர்ந்த அலிங் கோரிங், தட்டுகளோடு உள்ளேயிருந்து வந்த என்னைப் பார்த்தார். பூப்போட்ட கவுன், ஈரத் தலை. பார்வை மெல்ல இறங்கி, என் நகங்களுக்குள் இருந்த கிரீஸில் நின்றது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாவது தெரியுமா?"

அலிங் கோரிங்தான் முந்திக்கொண்டார்.

"விடுங்க சம்பந்தி. அது சேர வேண்டிய இடத்துல முன்னாடியே சேந்துடுச்சு."

நான் வாயே திறக்கவில்லை.