விடுதியில் ஒரு பச்சைப்புழு

பல்கலைக்கழக விடுதிப் பதிவேட்டில் இப்போது வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இடமுண்டு. பெயர் ஏறிவிட்டால், அவை குடியிருக்கும் மரத்தில் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. கறிவேப்பிலை மரத்துப் புழு ஒன்று பதிவானதிலிருந்து ஒரு மாதமாகச் சாம்பாருக்கு வாசமில்லை. விடுதிச் சமையற்காரி துளசிமணி தினமும் மரத்தடியில் நின்று புழுவைத் திட்டினாள்.

இன்று காலை அது வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்துவிட்டது. பதிவேட்டுக்காக வண்ணத்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்கும் ஆய்வு மாணவி ரிஸ்வானா மரமெங்கும் கேமராவை ஓட்டிப் பார்த்தாள்.

“இப்ப யாருமில்லக்கா. பறிச்சுக்கங்க.”

கூடையோடு ஓடிவந்த துளசிமணி, முதல் கொத்தைப் பிடித்து இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“உன்ற கேமராவுக்குக் கண்ணு தெரியல, சாமி. அடியில முட்டை இருக்குது. எழுதிக்க.”

“முட்டைக்கு என்ன பேருக்கா போட?”

துளசிமணி காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“என்ற பேரையே போட்டுக்க.”