ஒழுகாத ஷாக் அப்சார்பர்

பழைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்து ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்தார் மெக்கானிக் சவரிமுத்து. இடதிலிருந்து எண்ணெய் கசிந்தது.

“நீ இன்னைக்குக் காயலான் கடைக்குத்தான்டா,” என்றது வலது. “என்னைப் பாரு, ஒரு சொட்டு சிந்துறேனா?”

இடது நடுங்கிப்போனது. “பள்ளம் வந்தா எல்லா அடியும் எனக்கே விழுதுண்ணே. நான் என்ன பண்ண?”

சவரிமுத்து இரண்டையும் கையால் அழுத்திப் பார்த்தார். இடது முனகிக்கொண்டே மெல்ல இறங்கி மெல்ல எழுந்தது. வலது டொக்கென்று இறங்கி, துள்ளி எழுந்து ஆடியது.

“இடதுக்குப் புது சீல் போட்டாப் போதும்,” என்றார் சவரிமுத்து. “வலதுலதான் எண்ணெய் தீர்ந்து வருஷக்கணக்காச்சு.”

இடது திரும்பிப் பார்த்தது. “என்னண்ணே இது?”

“ஒழுகலைன்னுதானே சொன்னேன்?” என்றது வலது. “உள்ளே இருக்குன்னு சொன்னேனா?”