விதைக்கிழங்கு

“முழுசையுமா?” மாமனாருக்குக் குரலே எழும்பவில்லை.

மருமகள் விசும்பிக்கொண்டே தலையாட்டினாள். “பாதியை நான் சாப்பிட்டேன் மாமா. மீதியை உங்க பிள்ளைக்கு டிபன் டப்பாவுல வெச்சு அனுப்பிட்டேன்.”

பதற வேண்டாம், விஷமெல்லாம் இல்லை. ராசவள்ளிக் கிழங்கு. தோலைச் சீவினால் உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். மிளகு போட்டு வதக்கினால் வாசல் வரை மணக்கும். ஆனால் அவள் வதக்கியது விதைக்கு வைத்திருந்த கிழங்கை.

மாமியார் கல்யாணமாகி வந்தபோது அவருடைய அம்மா கையில் கொடுத்தனுப்பிய கிழங்கின் வம்சம் அது. ஒவ்வொரு வருஷமும் தோண்டியதில் ஒன்றை மட்டும் சாம்பல் டின்னுக்குள் புதைத்து மாடிப்படிக்கு அடியில் வைப்பார்கள். அதை நட்டால்தான் அடுத்த வருஷம் கொடி.

இப்படி ஒரு ஜாதி வேறெங்கும் கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமனார் பெருமையடிப்பார். கிழங்கு சமைத்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் ஆகா ஓகோ என்பார்கள். மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கணவர் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பார்.

புதிதாக வந்த மருமகளுக்கும் இந்தக் கதை தெரியும். டின் விவரத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. காலையில் திறந்து பார்த்தாள். கிழங்கு முளை விட்டிருந்தது. வீணாகப் போகிறதே என்று அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

“இன்னைக்கு உங்க அத்தை ஊர்லேர்ந்து வந்ததும் நடணும்னு குழிகூட வெட்டி வெச்சுட்டேனேம்மா.”

“அவங்க அம்மா ஞாபகமா இருந்தது அது ஒண்ணுதானே மாமா. அதைப் போய் முழுங்கிட்டேனே! அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்?”

மாமனார் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“அழாதே. அவங்க அம்மா கொடுத்த கிழங்கு கல்யாணமான மறு வருஷமே அழுகிப்போச்சு. அப்பதான் அவங்க அம்மாவும் தவறிப்போயிருந்தாங்க. அழுதுட்டிருக்கிறவகிட்ட இதை வேற எப்படிச் சொல்றது? கடையில அதே மாதிரி ஒண்ணு வாங்கிப் புதைச்சுட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறமும் டின்னுல வெச்சது வருஷா வருஷம் அழுகும். நானும் வாங்கி வைப்பேன். இந்த வருஷம்தான் அதிசயமா முளைச்சுது. அதை நீ தின்னுட்டே.”

அழுவதா சிரிப்பதா என்று மருமகளுக்குத் தெரியவில்லை. மாமனார் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். எங்கெங்கோ அலைந்து, வியர்க்க விறுவிறுக்க அவர் திரும்பி வந்து டின்னை மூடவும், மாமியார் ஆட்டோவில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

மாமியார் கைகால் கழுவிய கையோடு டின்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கிழங்கை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்தார். மருமகள் மாமனாருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“எங்க அம்மா கிழங்கு” என்று அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டார் மாமியார்.

மாமனார் தொண்டையைச் செருமினார். “பின்னே? நான் எப்படிப் பார்த்துக்கறேன்!”

கிழங்கைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடினார் மாமியார். “ஏங்க, ஒரு வாளி தண்ணி கொண்டாங்களேன்.”

மாமனார் குழாயடிப் பக்கம் மறையும்வரை மாமியார் பொறுத்திருந்தார். பிறகு மருமகளின் காதருகே குனிந்தார்.

“ஏம்மா, உங்க மாமா கடையை மாத்திட்டாரா?”