தாய்மாமன் மடி

லைனில் விட்டுப்போகும் சொற்களை, பேசுகிறவர் வழக்கமாகச் சொல்வதை வைத்து நெட்வொர்க்கே நிரப்பி, திரையில் சிவப்பாகக் காட்டிவிடும். மாசாணத்துக்குத் தங்கை தில்லையரசியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, நாளைக்குப் பாப்பாவுக்குக் காதுகுத்து. நீ என் வாசப்படிய மிதிக்காத."

கடைசி மூன்று சொற்களும் சிவப்பு.

"அது நெட்வொர்க் போட்டதுங்க. வரச்சொல்லித்தான் கூப்பிட்டிருப்பா. திருப்பிக் கேளுங்க," என்றாள் மனைவி அஞ்சுகம்.

"எதுக்கு? ஒன்பது வருசமா அவ சொல்லிக்குடுத்ததைத்தானே அது சொல்லுது? அம்மா செத்தன்னைக்கு முகம்கூடப் பாக்கவிடாம என்னை வாசல்லயே நிறுத்தினவ."

"தாய்மாமன் மடியில்லாம பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவாங்க? நீங்களும் ஆசையாக் கம்மல் வாங்கி வச்சிருக்கீங்களே?"

"கம்மலைக் கூரியர்ல அனுப்பு. மடியை நெட்வொர்க்கே நிரப்பட்டும்."