நானூறு டாலர் டிராக்டர்

"அறுநூறு டாலரா? இந்தத் தகரத்துக்கா?"

ராட்னி அந்தப் பழைய புல்வெட்டும் டிராக்டரை மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தார். முன் டயரை ஷூவால் ஒரு தட்டு தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

ஷெட் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் ஆர்டித் அம்மாள். கணவர் ஹார்லன் இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. டிராக்டர் அவருடையது.

"அவர் ஆசையா வெச்சிருந்த வண்டி தம்பி. நான் மழையில நனைஞ்சாலும் அது நனையக் கூடாது அவருக்கு."

"பெயின்ட் போயிருக்கு. சீட் கிழிஞ்சிருக்கு. பெல்ட் இன்னும் ஒரு மாசம்கூடத் தாங்காது."

"சாவி அதுலயே இருக்கு. ஓட்டித்தான் பாருங்களேன்."

ஒரே திருகு. தையல் மெஷின் மாதிரி ஓடியது எஞ்சின். முற்றத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கினார் ராட்னி.

அவருடைய மனசு துள்ளியது. முகம் துள்ளவில்லை.

டிராக்டர் உதிரிபாகக் கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். எஞ்சின் போன வருஷம்தான் புதிதாகப் போட்டது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வெளியே கண்ணை மூடிக்கொண்டு ஆயிரத்து எண்ணூறு கொடுப்பார்கள்.

அவருக்கு அவசரமும் இருந்தது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு, தள்ளுகிற புல்வெட்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டைச் சுற்றி ரெண்டு ஏக்கரிலும் புல் முழங்கால் வரை வளர்ந்து கிடக்கிறது. அதை வெட்டச் சொல்லி ஊர் நிர்வாகத்திலிருந்து இரண்டு நோட்டீஸ் வந்தாகிவிட்டது.

தன் அவசரத்தை எதற்குக் காட்டிக்கொள்ள வேண்டும்?

"சத்தம் சரியில்லையேம்மா. வீட்ல யோசிச்சுட்டு சொல்றேன்."

திரும்பிப் பார்க்காமல் தன் வண்டியை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தார்.

"தம்பி, நானூறு குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க!"

"ஏதோ... உங்களுக்கு ஒரு உதவியா இருக்கட்டும்" என்றபடி பர்ஸை எடுத்தார் ராட்னி.

அன்று மாலை பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை. டிராக்டர் கராஜை விட்டு வெளியே வரவே இல்லை.

சனிக்கிழமை காலை அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார் ராட்னி.

"சும்மா நானூறுக்கு அடிச்சேன்! பெல்ட் போச்சுன்னு ஒரு போடு போட்டேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியல, நம்பிடுச்சு!"

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மனைவி லினெட் கத்தியைக் கீழே வைத்தாள். போனை வைக்கும் வரை காத்திருந்தாள்.

"பெல்ட் நல்லாத்தான் இருக்கா?"

"புத்தம் புதுசு."

"உனக்கு ஆபரேஷன் ஆனப்போ பத்து நாள் நம்ம வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்தது யாரு?"

ராட்னி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஆர்டித். புருஷனைப் படுக்கையில வெச்சுக்கிட்டு உனக்கு சூப் செஞ்சு எடுத்துட்டு வந்தாங்க."

"லினெட், வியாபாரம்னா அப்படித்தான்..."

"சர்ச்சுல காணிக்கைத் தட்டு எடுத்துட்டு வர்றது நீதானே? நாளைக்கு அவங்க முன்னாடியும் நீட்டுவியா?"



லினெட் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த ஐந்நூறு டாலரை ஒரு கவரில் போட்டு அவர் சட்டைப் பையில் செருகினாள். "போய் உண்மையைச் சொல்லிட்டு, மன்னிப்புக் கேட்டுட்டு வா."

சோளக்காட்டு நடுவே மூன்று மைல். வழி நெடுக ராட்னி சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். 'அம்மா, நான் உங்களை ஏமாத்திட்டேன்.' நாலாவது தடவை கண்ணே கலங்கிவிட்டது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது அவருக்கு.

வண்டி வந்து நிற்பதற்குள் ஆர்டித் அம்மாள் வெளியே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் தம்பி."

ராட்னி வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என் மேலதான். அரை மணி ஓடினா கியர் சூடாகி வண்டி நின்னுடும். ஆறினாத்தான் நகரும். ஹார்லன் ரெண்டு வருஷமா திட்டிக்கிட்டேதான் ஓட்டினார். தெரிஞ்சேதான் உங்ககிட்ட மறைச்சேன்."

ராட்னி திறந்த வாயை மூடவில்லை.

"சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு பயந்துட்டேன். அஞ்சு நாளா சாப்பாடு இறங்கல. இந்தாங்க உங்க நானூறு. வண்டியும் உங்ககிட்டயே இருக்கட்டும். என்னை மன்னிச்சிடுங்க தம்பி."

அழுதுகொண்டே பணத்தை நீட்டினாள்.

ராட்னி பணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டைப் பையில் கவர் நெஞ்சை உறுத்தியது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது.

நீட்டிய பணத்தை அவள் பக்கமே தள்ளிவிட்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"போகட்டும் விடுங்கம்மா. மனுஷங்கன்னா தப்பு பண்றதுதான். நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்."

"உங்களுக்குப் பெரிய மனசு தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஆர்டித் அம்மாள். உள்ளே போய், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய ஆப்பிள் கேக்கைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள் லினெட். கேக்கைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஆர்டித் அழுதாங்களா?"

"ரொம்ப."

"மன்னிச்சாங்களா?"

ராட்னி கேக்கை மேஜைமேல் வைத்தார்.

"மன்னிச்சாச்சு" என்றார்.