பழைய அளவு

"குழந்தையைத் தூக்கிட்டு வராம நீங்க மட்டும் வந்து நின்னா, நான் யார் வாயை ஸ்கேன் எடுக்கிறது?"

ஸ்கேன் அக்காவின் குரல் கதவைத் தாண்டி ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சு வரை கேட்டது. உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் குழந்தைகளின் வாயைச் சின்னக் கேமராவால் படமெடுத்து, கம்ப்யூட்டரில் தாடை வடிவமாக்கி, அதே அளவில் பிளாஸ்டிக் தாடையாக அச்சடித்துத் தருவது அவள் வேலை. கை பூ மாதிரி, வாய்தான் பட்டாசு.

எதிரே நின்ற அப்பாக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏற்கெனவே எடுத்தது இருக்குமே மேடம். அதுலேயே ஒண்ணு அடிச்சுக் குடுங்களேன்."

"அது போன மாசம் எடுத்தது. பச்சைக் குழந்தைக்குத் தாடை வாரத்துக்கு வாரம் வளரும். அந்த அளவுல அண்ணத்துப் பிளவை மூடற தட்டு செஞ்சா வாயில உக்காராது. பால் மறுபடி மூக்குல ஏறும்."

"தட்டு வேண்டாம் மேடம். தாடை மட்டும் போதும். வீட்ல அவ கேட்டுக்கிட்டே இருக்கா."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டு மாட்டி ஈறுகளை நெருக்கிக் கொண்டுவந்தால்தான் உதட்டுத் தையல் சரியாக அமையும். நாளைக் கடத்தினால் அவதிப்படப் போவது அந்தப் பிஞ்சுதான். பிள்ளையை ஊர் கண்ணில் காட்டாமல் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவரும் அந்த ரகம்தான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

"வெளிய தூக்கிட்டு வர வெக்கமா இருக்கா? கேமராவை வாயில வெச்சா எல்லாக் குழந்தையும் அழுது இந்த ரூமையே ரெண்டாக்கும். உங்க பையன் என் விரலைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான், சார். அவனைப் போய் ஒளிச்சு வைக்கிறீங்களே!"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மேடம்."

கோபம் பாதி, அழுகை பாதியாக அவள் பழைய ஸ்கேனைத் திறந்தாள். திரையில் குட்டித் தாடை மெல்லச் சுழன்றது, நடுவில் பிளவோடு. அவர் கிட்டே வந்து அந்தப் பிளவின்மேல் விரலை வைத்தார். தொட்டால் வலிக்குமோ என்பதுபோல் அத்தனை மெதுவாக வைத்தார்.

அக்காவின் குரல் தானாகவே இறங்கியது.

"நாளைக்கே தூக்கிட்டு வாங்க சார். புதுசா எடுத்து, பழசையும் பக்கத்துல வெச்சு, எவ்வளவு வளந்திருக்கான்னு நானே காட்டறேன்."

அவர் திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"பழசே சரியா இருக்கும் மேடம். அவன் இனிமே வளர மாட்டான்."