செத்துப்போன அனாபா

"யாருய்யா செத்தது? யாரைக் கேட்டு என்னைச் சாகடிச்சீங்க?"

அனாபா போட்ட சத்தத்தில் கூடைக்கடையே கப்சிப் ஆகிவிட்டது.

போல்கா ஊரில் அன்று சந்தை நாள். வேனில் வந்து இறங்கிய வெளிநாட்டுப் பயணிகள், ஆளுக்கொரு புல்லுக்கூடையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.

கடைச் சுவரில் ஒரு பெண்ணின் பெரிய போட்டோ. அதன் முன்னால் நின்ற வெள்ளைக்கார அம்மாவிடம் வழிகாட்டி ஃபுசைனி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். "இவங்க பேரு லமிசி. பாவம், புருஷன் செத்துட்டாரு. இவங்க பின்னின கூடையை நீங்க வாங்கினா, அந்த வீட்ல அடுப்பு எரியும்."

அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றுக்கு இரண்டாகக் கூடைகளை எடுத்திருந்தாள்.

வாசலில் நின்று கேட்ட அனாபாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. லமிசி அவன் பெண்டாட்டி. தெற்கே தங்கச் சுரங்கத்துக்குப் போயிருந்தவன், பல வருஷம் கழித்துப் போன வாரம்தான் ஊர் திரும்பியிருந்தான். பெண்டாட்டியின் கூடைகள் நன்றாக விற்கின்றன என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டுப் போக வந்தவன் காதில் விழுந்தது அவனுடைய சாவுச் செய்தி.

"என் சாவைச் சொல்லி வியாபாரம் பண்றீங்களா? வெக்கமா இல்லை?"

ஃபுசைனி ஓடி வந்தான். "அண்ணே, மெதுவா. ஆளுங்க பயப்படறாங்க."

"பயப்படட்டும்! பேயைப் பார்த்தா பயப்பட வேண்டியதுதானே! நல்லாப் பாருங்கய்யா, செத்தவன் வந்திருக்கேன்!"

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள் வெள்ளைக்கார அம்மா.

"கூடையெல்லாம் பிரமாதமா இருக்காம்," என்றான் ஃபுசைனி.

அனாபாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். "பொய்! அந்தப் போட்டோவில இருக்கிறவளோட புருஷன் நான்தான்! உயிரோட நிக்கறேன்!" என்று அதிலேயே கத்தினான்.

அந்த அம்மா முகம் சிவந்து, கூடைகளைத் தரையில் வைத்தாள். "ஏமாத்து வேலை!" என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கூடையை வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனார்கள்.

கடை நடத்துகிற தலாட்டா மேடம் உள்ளேயிருந்து வந்தாள். எதற்கும் சட்டென்று குரலை உயர்த்துகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் குரலும் உயர்ந்தது.

"லமிசி! இங்க வா!"

பின்கட்டில் மற்ற பெண்களோடு உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த லமிசி, பாதிக் கூடையோடு வந்து நின்றாள்.

"இந்த ஆளு யாரு?"

"என் பிள்ளைக்கு அப்பா," என்றாள் லமிசி. அவ்வளவுதான். விரல்கள் புல்லை முறுக்குவதை நிறுத்தவில்லை.

"கேட்டுக்கிட்டீங்களா?" அனாபா துள்ளினான். "சோறு போட்ட புருஷனையே கொன்னுட்டாளே இந்தப் பாவி! இவ சொன்னா நீங்களும் நம்பி சுவர்ல மாட்டிடுவீங்களா?"

"இது புருஷனை இழந்தவங்களுக்குன்னே நடத்தற கடை. விசாரிக்காம யாரையும் சேர்க்கறதில்லை."

"விசாரிச்ச லட்சணமா இது? எங்கம்மாவை இங்க கூட்டிட்டு வர்றேன். குனிஞ்சு மண்ணைத் தொட்டுச் சொல்லட்டும், அவ பிள்ளை இருக்கானா செத்தானான்னு! எங்க சனத்துல மண்ணைத் தொட்டுப் பொய் சொன்னவங்க உசிரு தங்காது, தெரியுமில்லே?"

தலாட்டா அவனையே பார்த்தாள்.

"உங்கம்மா பேரு அசிபிதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அவங்களைக் கூட்டிட்டு வர வேண்டாம். ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டாங்க."

"எப்போ?" என்றான் அனாபா.

"மழை பொய்ச்ச வருஷம். குதிர்ல ஒரு மணி கம்பு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். உனக்கு போன் போட்டா யாரோ ஒருத்தி எடுத்து, 'இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க'ன்னு வெச்சுட்டாளாம். உங்கம்மா இவ கையைப் பிடிச்சு, பிள்ளையைத் தன் முதுகுல கட்டிக்கிட்டு, இதே வாசல்ல வந்து நின்னாங்க."

லமிசியின் விரல்கள் நின்றன.

"இவ அன்னைக்கு வாயே திறக்கலை. அழுதுக்கிட்டே நின்னா. உங்கம்மாதான் குனிஞ்சு மண்ணைத் தொட்டாங்க. 'என் மகன் செத்துட்டான், இவளுக்கு வேலை குடு தாயீ'ன்னாங்க."

அனாபா சுவரிலிருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்கம்மாவா? எங்கம்மாவா அப்படி ஒரு பொய்யை..."

"பொய்யா?" என்றாள் தலாட்டா. "மண்ணைத் தொட்டுப் பொய் சொன்னா உசிரு தங்காதுன்னு நீதானே சொன்னே? உங்கம்மா இன்னும் நல்லாத்தானே இருக்காங்க!"